முப்பத்தொன்றாம் திகதிக்கு முன்

கிளிநொச்சிக் கிளையில் ஏசிக் குளிருக்குள்
கையெழுத்து வைத்து வாங்கினேன் இந்த அட்டையை.
ஓரத்தில் தங்க நிறச் சில்லு,
வரம்பு பிரித்த சின்ன வயல்போல.
விதைத்தால் விளையும் என்றான்
கழுத்துப்பட்டி கட்டிய பெடியன்.
எவ்வளவு விதைத்தால் எவ்வளவு?
நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி.
ஒரு புள்ளி எத்தனை ரூபாய்?
சிரித்தான். பிறகு கல்குலேட்டரைத் தேடினான்.

இருபத்தைந்து சதம்.

பரவாயில்லை.
சும்மா போகிற தண்ணிக்குக் கீழே
ஒரு வாளி வைத்தால் என்ன குறைந்துவிடும்?
தருமபுரத்திலிருந்து ஓடுகிற ஸ்கூட்டிக்குப் பெற்றோல்,
லைட் பில், பால்மா, சின்னவனின் இழுப்பு மருந்து,
எப்படியும் வாங்குபவை மட்டும்.
அட்டை தேய்த்த அன்று இரவே
அதே காசை எண்ணிப் பேணிக்குள் போடுவேன்.
மூன்றாம் திகதி பேணி வெறுமை,
பில்லும் வெறுமை.

‘ஆகக்குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும்’
என்று ஒரு வரி வரும் பில்லில்.
அவ்வளவு அன்பாய் என்னோடு
யாரும் கதைத்ததில்லை.
பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது
வருடத்துக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு.

இது என் முதல் அட்டை அல்ல.
முகாமில் ஒரு மஞ்சள் மட்டை தந்தார்கள்,
ஐந்து பெயர், பிறகு நான்கு.
அரிசிக்கு நேரே புள்ளடி, பருப்புக்கு நேரே புள்ளடி.
தேவைக்கு மிஞ்சி எடுக்க
அதில் வழியே இருக்கவில்லை.

பக்கத்துக் காணி வதனிக்கு மூன்று கடன்.
ஒன்றை அடைக்க மற்றது.
செவ்வாய்க்கிழமை மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால்
கிணற்றடிக்குப் போய்விடுவாள்.
உன்ர அட்டையில சாமான் எடுத்துத் தா,
வெள்ளிக்கிழமை காசு, புள்ளி உனக்கு என்றாள்.
மூவாயிரத்துக்கு எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை இரண்டாயிரத்து இருநூறும்
மிச்சத்துக்கு முட்டையும் வந்தது.
பேணிக்குள் முட்டை வைக்க முடியாது.
சந்திக் கடையில் கெஞ்சி விற்று
காசாக்கிப் போட்டேன்.
கிடைத்த புள்ளி முப்பது,
ஏழரை ரூபாய்.
பெயருக்கேற்ற இலாபம்.

இனிமேல் காசு முதலில், அட்டை பிறகு என்றேன்.
இரண்டு கிழமை முகம் தரவில்லை.
மூன்றாம் கிழமை
ஈரக் கையோடு காசு கொண்டுவந்தாள்.

போன மார்கழியில் ஒரு குறுஞ்செய்தி:
முப்பத்தொன்றாம் திகதிக்கு முன்
நாற்பதாயிரம் செலவழித்தால் புள்ளி மும்மடங்கு.
ஏ ஒன்பது வீதிக் கடையில்
உடுப்புத் தோய்க்கும் மெசினின் மூடியைத்
திறந்து திறந்து மூடினேன்.
உள்ளே என் முகம் வளைந்து தெரிந்தது.
கிளினிக் துண்டின் பின்னால் கணக்குப் போட்டேன்.
ஆயிரத்து இருநூறு புள்ளி. முந்நூறு ரூபாய்.
இரணைமடுவில் யப்பான் மீன் பிடிக்க
மண்புழு போதும்,
ஆட்டைக் கட்டி இறக்குவார்களா?
மூடியை மூடிவிட்டு வந்தேன்.
வரும் வழியெல்லாம் அந்த மெசின்
மனதுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, பொய் சொல்லவில்லை.

வருடக் கட்டணம் கேட்டார்கள், ஆயிரத்து ஐந்நூறு.
அட்டையை வெட்டிவிடுவேன் என்று போனில் சொன்னேன்.
பாட்டுப் போட்டார்கள், காத்திருந்தேன்,
விட்டுவிட்டார்கள்.

ஒரு வருடம் எட்டு மாதம். ஏழாயிரம் புள்ளி.
கொழும்பு ஹோட்டலில் மதியச் சாப்பாடா,
விமானத் தூரமா, வாசனைப் போத்தலா என்று கேட்டார்கள்.
பில்லில் கழியுங்கள் என்றேன்.
ஆயிரத்து எழுநூற்றைம்பது,
முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கோடு.
அந்தக் கோட்டை இரண்டுதரம் தடவிப் பார்த்தேன்.
ஸ்கூட்டியின் முன் ரயருக்கு அது கால்வாசி.

இன்று கிளினிக்கில் வதனியின் கடைக்குட்டியைத்
தராசில் இருத்தியபோது
போன் மறுபடி துடித்தது.
முப்பத்தொன்றாம் திகதிக்கு முன், என்று தொடங்கியது.
பிள்ளை தராசுச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான்.
ஒன்பது கிலோ நானூறு.
போன மாதத்தைவிட இருநூறு கூட.
பேனையைத் திறந்து
அவனுடைய அட்டையில்
இந்த மாதப் புள்ளியை வைத்தேன்.