சாம்பல் கணக்கு

மண்டபத்திலிருந்து பஸ் கூரையில்
இரவெல்லாம் வந்த மூட்டை
முதுநகரில் இறங்கும்போது
கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.
"என்னம்மா, கருவாடா?"
பாசி என்றேன்.
"குளத்துல வழுக்குமே, அதுவா?"
அதேதான் என்று சொல்லிவிட்டேன்.
ஆட்டோ காத்திருந்தது.

மூட்டைக்குள் மூன்று பை:
கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, பக்கோடா பாசி.
பெயர் வைத்தவர்கள் பசியோடு இருந்திருக்கிறார்கள்.
நடுவில் ஒருத்தி மட்டும்
தலையில் வைக்க யோசித்திருக்கிறாள்.

நாலாவது பை உள்ளூர்ச் சரக்கு.
துறைமுகச் சுவரில் படகு முட்டாமலிருக்கக்
கட்டித் தொங்கவிட்ட பழைய லாரி டயர்,
அதில் தானாக முளைத்த பச்சை இலைப்பாசி.
குனிந்து உரித்தவள் நான்தான்.
அத்தனை பச்சையைப் பார்த்து
எப்படிச் சும்மா போவது?

என் வேலை எரிப்பது.
கழுவி, உலர்த்தி, பொடித்து,
ஐந்து கிராம் நிறுத்துப் பீங்கான் கிண்ணத்தில்
உலைக்குள் தள்ளினால்
ஐந்நூற்றைம்பது டிகிரியில்
நாற்றம் போகும், நிறம் போகும்,
புரதம், நார் எல்லாம் போகும்.
அயோடின் முதல் ஆளாய் நழுவப் பார்க்கும்,
அதற்குத் தனிச் சோதனை, தனிப் பொறுமை.
கடைசியில் நிற்பது சாம்பல்.
நெல்லை எரித்தாலும் இவ்வளவு நிற்காது.
சுண்ணாம்பு, மெக்னீசியம், பொட்டாசியம், இரும்பு:
கெடிலமும் பெண்ணையும் ஊர் ஊராய்க் கரைத்துக்
கடலில் கொண்டுபோய்ப் போட்ட கடனில்
ஒரு தவணை திரும்பி வந்திருக்கிறது.

எனக்கு ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு.
ஆஸ்பத்திரிச் சீட்டில் சிவப்பு மையால் வட்டம்.
சிவப்பு போதாது என்பதையும்
சிவப்பால்தான் சொல்கிறார்கள்.

பக்கத்து அறை ஜெய்துன்
பகலெல்லாம் பாசிக்கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக்
கிருமி வளர்க்கிறாள்.
நோன்பு மாதத்தில் அதே பாசியைப் பாலில் காய்ச்சி
ரோஸ் நிறத்தில் சதுரம் சதுரமாய் வெட்டி
எனக்கும் ஒரு டப்பா.
கிருமிக்கும் எனக்கும் ஒரே பந்தி.
"இதுல இரும்பு இருக்காடி?"
"பேருக்குத்தான். வெறும் நார்.
குடலுக்கு நல்லது, நாக்குக்கு அதைவிட நல்லது.
ரத்தத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை முழுங்கு."

பாண்டியிலிருந்து சுருள்பாசிக்காரர் போன்:
"சகல வியாதிக்கும்னு டப்பாவுல போடலாமா மேடம்?"
புரதம் நிஜம், போடுங்கள்.
பி பன்னிரண்டு என்று தெரிவதில் பெரும்பாதி வேஷம்,
உடம்பு அதற்குக் கதவு திறக்காது.
கடலில் விளைகிற பாசியும் விற்பீர்களானால்
தைராய்டுக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்,
அயோடின் குறைந்தாலும் கழுத்து வீங்கும்,
கூடினாலும் வீங்கும்.
"அவ்வளவு எழுத டப்பால இடமில்ல மேடம்."

சாயங்காலம் நாலு சாம்பலையும்
அமிலத்தில் கரைத்துக் கருவிக்குள் விட்டேன்.
இரும்பு வரிசையில்
டயர்ப் பாசி மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டது!
வெங்காயம் நறுக்கிப் போட்டு வடை தட்டலாம்,
எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக ஒட்டும்
என்று நாக்கு கணக்குப் போட்டது.
அடுத்த வரிசை ஈயம்.
அதிலும் அதுதான் முதல் மார்க்.

பாசிக்கு வேர் கிடையாது.
வாய் கிடையாது.
உடம்பு முழுக்க வாய்.
தண்ணீர் நீட்டுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளும்,
மருந்தென்றும் விஷமென்றும் அதற்குத் தெரியாது,
வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.
நான் சத்து என்று சீட்டில் எழுதுவது
அந்தத் தெரியாமையைத்தான்.

அறிக்கையில் 'பரிந்துரை' என்று ஒரு கட்டம்.
'டயரை மாற்றவும்' என்று எழுதி அடித்தேன்.
'ஆற்றை' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
'உண்ணத் தகாது' என்பது கட்டத்துக்குள் அடங்கியது.

கிண்ணங்களைக் கழுவினேன்.
ஈயம் கரைந்த மிச்சத்தைத்
தனி ஜாடியில் ஊற்றி மூடினேன்,
மறந்துபோன கடைசிக் கிண்ணத்தைத் தவிர.
கறுப்புத் தண்ணீர் தொட்டித் துளையில்
இரண்டு சுற்று சுற்றி இறங்கியது.

சாக்கடை, உப்பனாறு, துறைமுகம்.
பாதை எனக்குத் தெரியும்.
டயர் அங்கேயே தொங்குகிறது,
பச்சையாக,
வாயைத் திறந்துகொண்டு.