திரையில் நானூறு

ஐந்து மாதமாகக் காலியாகக் கிடக்கிறது அந்த நாற்காலி.
விளம்பரத்தை எழுதியவன் நான்தான்:
பொருள் திட்டமிடுநர் தேவை,
பம்பு தொழிற்சாலை, ஜிலினா.
மூன்று மொழி, இரண்டு மென்பொருள், ஐந்தாண்டு அனுபவம்,
பட்டம் கட்டாயம்,
அழுத்தம் தாங்கும் மனம்.
கடைசி வரி ஆள்சேர்ப்புப் பிரிவின் ஹெத்விகா சேர்த்தது.
பம்பு செய்கிறவர்கள் நாங்கள்;
அழுத்தம் எங்களுக்கு ஒரு எண்,
முள் சிவப்பைத் தொட்டால் திருகைத் தளர்த்துவோம்.

எட்டுப் பேர் வந்தார்கள்.
எட்டுப் பேரிடமும் ஒரே கேள்வி:
திரையில் நானூறு ரப்பர் வளையம்.
அலமாரியில் ஒன்றுகூட இல்லை.
என்ன செய்வாய்?

ஒருவன் சூத்திரம் எழுதினான்.
பாதுகாப்பு இருப்பு, வர்க்கமூலம், எல்லாம் சரி,
கையெழுத்தும் அழகு.
ஒருத்தி பழைய நிறுவனத்தின் வரைபடத்தை விரித்தாள்.
போலந்திலிருந்து புறப்பட்ட அம்புக்குறிகள்
எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்தன.
அம்புக்குறியின் மேல் பனி பெய்வதில்லை,
கணவாய் வளைவில் அது குறுக்கே சாய்ந்து கிடப்பதும் இல்லை.

ஒன்பதாவதாக வந்தவள் போஜெனா.
மார்ட்டின் நகர மருத்துவமனைச் சமையற்கூடத்தில்
பதினொரு வருடம் கொள்முதல்.
விளம்பரத்தின் எந்த வரிக்குள்ளும் அடங்காதவள்.
கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு
"அலமாரி எவ்வளவு தூரம்?" என்றாள்.

போனோம்.
இரண்டு அளவு பெரிய காப்புக் காலணி,
யாரோ விட்டுப்போன மஞ்சள் மேற்சட்டை.
அந்தத் தட்டைப் பார்த்தாள்,
அதன் கீழே பார்த்தாள், பின்னால் கைவிட்டுத் துழாவினாள்.
பளுதூக்கி வண்டியை நிறுத்தி
இம்ரிஹ்ஹிடம் கேட்டாள்:
"நேற்று இரவு இங்கே யார்?"
அவன் என்னைப் பார்த்தான்.
பிறகு பழுதுபார்க்கும் மேசையைப் பார்த்தான்.
அங்கே ஒரு காப்பித் தகரத்துக்குள் வளையங்கள்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
"முப்பத்தாறு. முதலில் கிளம்பும் லாரி எது?"
எனக்குத் தெரியவில்லை. திரையைக் கேட்டுவிட்டுச் சொன்னேன்:
கிரேக்கத்துக்கு, மாலை நாலு மணி.
"அப்படியானால் எல்லாம் அதற்கே.
மற்ற வாடிக்கையாளர்களுக்கு இப்போதே போன் செய்யுங்கள்.
இன்று சொன்னால் தாமதம்,
நாளை சொன்னால் பொய்."

திரும்பும் வழியில், நான் கேட்காமலே:
"நூற்றிருபது பேருக்கு உப்பில்லாச் சாப்பாடு.
கணக்கில் இருக்கிறது என்று சொல்லி
யாருக்கும் பரிமாற முடியாது."

இருப்பு வேறு,
இருப்பதாகச் சொல்வது வேறு.
இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சம்பளம் வருகிறது.

அவள் இரண்டாயிரத்து நூறு யூரோ கேட்டாள்.
ஹெத்விகா அட்டவணையைத் திருப்பிக் காட்டினாள்:
பட்டமில்லாத நிலைக்கு ஆயிரத்து அறுநூற்றைம்பது,
அதற்கு மேல் கட்டம் இல்லை.
போஜெனா கோபப்படவில்லை.
ஆற்றுக்கு அக்கரையில் கார்த் தொழிற்சாலைக்காரர்களும்
கூப்பிட்டிருக்கிறார்களாம்,
நாலு இருபதுக்கு பஸ்ஸாம்.
காலணியைக் கழற்றிச்
சுவரோரம் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலை பட்டம் என்ற வரியை அழித்தேன்.
மறுநாள் காலை அது திரும்ப வந்திருந்தது.
மேலாளர் கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள்,
திறமையான ஆட்களே கிடைப்பதில்லை.
நானும் தலையாட்டினேன்.

அலமாரித் தட்டில் சுண்ணக்கட்டியால் அவள் எழுதிய 36
இன்னும் இருக்கிறது.
வளையங்கள் எப்போதோ கிரேக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன.
திரையில் இப்போதும் நானூறு.

என் மேசையிலிருந்து அந்த அலமாரிக்கு
இருநூற்றுப் பதினான்கு காலடி.
ஒன்பது வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன்,
நேற்றுத்தான் எண்ணினேன்.