தாழ்ப்பாள்

சைக்கிள் சுகாதார இலாகாவுடையது,
மணி மட்டும் என் காசு.
அடித்துக்கொண்டே போவேன்
செம்பவாங் பதிமூன்றாங்கட்டை தாண்டி
ரப்பர் மரங்களுக்குப் பின்னால்
தகரக் கூரைப் பள்ளிக்கு.

பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு.
வாளிக் கக்கூஸ் நான்கு,
ஒன்றுக்குக் கதவில்லை.
ஈ அதிகம்.
சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.
சவர்க்காரம் கேட்டால் சிரிக்கிறார்கள்.
எல்லாவற்றுக்கும் பதிவேட்டில்
ஒரு கட்டம் இருந்தது.
குடிநீர்? எட்டிப் பார்த்தேன்.
மூலையில் மண்பானை, விளிம்புவரை.
‘போதுமானது’ என்று எழுதினேன்.

வாளி எடுக்கும் சுவா
விடியுமுன் லாரியோடு போய்விடுவார்.
பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்றா, என்றேன்.
இல்லை, என்றார் மலாயில்,
அவர்கள் மூக்கைப் பிடிப்பதை
நான் பார்க்கக் கூடாதென்று.

வகுப்பில் ஈயின் படத்தை மாட்டினேன்.
ஆறு கால், காலெல்லாம் மயிர்,
மயிரில் ஒட்டியிருப்பது என்ன, சொல்லுங்கள்?
சிரித்துப் புரண்டார்கள்.
கேள்வி உண்டா என்றதும்
கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து
உட்கார்ந்துவிட்டாள்.

சைக்கிளை எடுக்கும்போது வந்தாள்.
நாலாம் வகுப்பு குணவல்லி,
பின்னால் இன்னும் இரண்டு பேர், முதுகு காட்டி.
“உள்பக்கம் தாழ்ப்பாள் போடுவீங்களா சார்?”
ஒருத்தி உள்ளே போனால்
ஒருத்தி வெளியே கதவைப் பிடிக்க வேண்டும்.
“மணி அடிச்சா பிடிக்கிறவ ஓடிடுறா சார்.”

அதனால்
காலையில் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை.
பள்ளியில் பானைப் பக்கம் போவதில்லை.
ஒரு மணிக்கு வீடு போகும்வரை
அடக்கி
அடக்கி
பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறார்கள்.

விளிம்புவரை நிறைந்த பானை
வழியெல்லாம் என்னோடு வந்தது.

பாரம் எழுதினால் மூன்று மாதம்,
கையெழுத்து ஐந்து.
சோங் பாங் இரும்புக்கடையில்
நான்கு தாழ்ப்பாள், பதினாறு திருகாணி,
ஒன்று இருபது.
திருடன் பயமா, என்றார் கடைக்காரர்.
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பூட்டினோம்.
கதவில்லாததற்கு சுவா
ஒரு பலகை கொண்டுவந்தார்,
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
ஒரு திருகாணி கோணிக்கொண்டது.
இன்னும் கோணல்தான்.

அடுத்த மாதம்
மிஸ் தங்கபுஷ்பம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.
“உங்க இலாகாவால ஒரே தொல்லை!
பத்து மணிக்கே பானை காலி.
கிணத்துக்கும் வகுப்புக்கும்
நானா நடந்துக்கிட்டு இருக்கிறது?”

ஈ அதிகம்.
சுண்ணாம்பு வரவில்லை.
சவர்க்காரம் ஒரு கட்டி,
நூலில் கட்டித் தொங்குகிறது,
எலி கடித்த தடத்துடன்.
குடிநீர்க் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
‘போதவில்லை.’

மேலதிகாரி ஓரத்தில்
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
போன மாதம் போதுமானதாக இருந்ததே,
என்ன ஆயிற்று?