ஏழாம் எண் கொக்கி

மாலகாவில் கிரேன்கள் நின்றுபோன செய்தி
எங்கள் ஊருக்குப் பேப்பரில் வரவில்லை.
எவுசெபியோவின் காரில் வந்தது:
பின்சீட்டில் மெத்தை, கூரையில் கட்டிய சைக்கிள்,
வீட்டுக்கடனில் மூன்று தவணை பாக்கி.

ஒலிவக் கூட்டுறவில் கூலிப்பட்டியல் எழுதுகிறவள் நான்.
கடற்கரையெல்லாம் அடுக்குமாடி முளைத்த காலத்தில்
உள்ளூர்ப் பையன்கள் மரத்தைக் கண்டால் சிரிப்பார்கள்,
"அது வெளியாள் வேலை, மரிபாஸ்."
நானும் சிரித்திருக்கிறேன்.
அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதெல்லாம் நவம்பர் பிறந்தால் டெம்பா வருவான்.
தம்பகுண்டாக்காரன்,
லெரிதாவில் பேரிக்காய் முடித்த கையோடு.
அவன் விரித்த வலையில் ஒரு சுருக்கம் இராது.
கம்பை ஓங்கமாட்டான்,
கிளையிடம் ஏதோ விசாரிப்பதுபோல் தட்டுவான்,
காய் கொட்டும்.
பருவம் முடிந்ததும் கையுறையைக் கொட்டகையில்
ஏழாம் எண் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவான்,
நாளைக்கே வருகிறவன் மாதிரி.

இந்த வருடம் கமிட்டி தீர்மானம்: முதலில் உள்ளூர்.
நியாயம்தானே என்றார் தலைவர்.
அவர் மருமகன் பட்டியலில் மூன்றாவது.
டைல்ஸ் ஒட்டியவன், பிளம்பர்,
வங்கியில் கடன் மனு வாங்கிக்கொண்டிருந்த நியேவெஸ்,
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்த
எவுசெபியோ.
எழுதினேன்.

டெம்பா வந்தான்.
ஜன்னலுக்கு வெளியே நின்று
பட்டியலைத் தலைகீழாகவே படித்தான்.
"அடுத்த வாரம்?"
"பார்க்கலாம்" என்றேன்.
இல்லை என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.
அவனுக்கு எங்கள் மொழி நன்றாகத் தெரியும்.

ஹாயென் பேருந்து நிலையத்தில்
அட்டை விரித்து நிறையப் பேர் படுத்திருப்பதாக
ரேடியோவில் சொன்னார்கள்.
பனி விழும் என்றும் சொன்னார்கள்,
அதே குரலில்.

முதல் நாள் பத்து மணிக்குள்
எவுசெபியோவின் உள்ளங்கையில் கொப்புளம்.
வலை ஒருபக்கம் சுருள, பாதிக் காய் சேற்றில்.
மரங்கள் இவ்வளவு குட்டை என்பது அவனுக்குப் பழகவில்லை,
அடிக்கடி அதற்கு மேலே பார்த்தான்.
கொட்டகைக்கு வந்து
ஏழாம் கொக்கியிலிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டான்.
விரல் நுனிகள் காலியாக மடங்கின.
"யாருடையது?"
"கூட்டுறவுடையது" என்றேன்.

சாயங்காலம் எடை போட்டோம்.
போன வருடத்தில் பாதிகூட இல்லை.
எண்ணெய் விலையும் இறங்கிவிட்டதாம்,
திங்களன்று மூன்று பெயரை அடிக்க வேண்டும்.
கடைசியாய்ச் சேர்ந்தவர் முதலில் என்கிறது விதி.
பட்டியலை மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்க்கிறேன்.
எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.