நகல்

தலைஞாயிற்றுக்குக் கிழக்கே, பக்கிரிசாமியின் கொட்டிலில்
உம்பளாச்சேரி மொட்டை மாட்டின் கழுத்து நரம்பிலிருந்து
பத்து மில்லி எடுத்தேன்.
வைக்கோலை இழுத்துக்கொண்டே நின்றது.
"சுகரா பாக்குறீங்க?" என்றார்.
இல்லை, எழுத்து எண்ணுகிறோம்.

மூன்று மாதம் கழித்துத் தாளோடு போனேன்.
செவலையாய்ப் பிறந்திருந்த கன்று
விளிம்புகளில் சாம்பலாகத் தொடங்கியிருந்தது.

கண்ணில் ஊறும் நீருக்குள்
கிருமியை உடைக்கிற புரதம் ஒன்று.
அதற்கென்று ஒரு வரி. நமக்கும் அந்த ஒரு வரி உண்டு.
இதன் வம்சத்தில்,
மாடு மாடாவதற்கும் வெகு முன்னால்,
எழுதிக்கொண்டே வந்த கை எங்கோ தடுமாறி
அதே வரியை இன்னொரு முறை எழுதிவிட்டது.
அடிக்க ஆளில்லை.
பிறகு மறுபடி. மறுபடி.
இன்று எண்ணினால் பத்துக்குப் பக்கம்.

கண்ணைப் பார்த்துக்கொள்ள அசல் இருந்தது.
நகலுக்கு வேலையில்லை.
வேலையில்லாதது திரிந்தது,
இரைப்பைக்குள் இறங்கியது.
அங்கே போட்டதெல்லாம் வேகும் புளிப்பு.
ஓரெழுத்து, ஈரெழுத்து மாறி மாறி
வேகாமல் நிற்கக் கற்றது.
புல்லைத் தின்பவை கிருமிகள்;
தின்று கொழுத்து வருகிறவற்றை
இது உடைத்துக் கொடுக்க
மாடு பசியாறுகிறது.

"அப்ப அழுவுற தண்ணிய வச்சித்தான்
வவுறு வளக்குதுங்குறீங்க."

நான் எழுதிய அறிக்கையில்
இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியமும் இல்லை.

சில நகல்கள் கெட்டுப்போய் அர்த்தமற்றுக் கிடக்கின்றன,
அவற்றையும் கன்றுக்குக் கொடுத்துவிடுகிறது என்றேன்.
அவர் அதைக் கேட்கவில்லை.
கஜா புயலில் பத்திரம் போனதையும்
பெட்டிக்கடை ஜெராக்ஸ் ஒன்றைக் காட்டியே
இந்த ஒன்றரை மா தன்னிடம் இருப்பதையும்
தாலுகா ஆபீஸில் ஒவ்வொரு முறையும்
அசல் எங்கே என்று கேட்பதையும் சொன்னார்.

வரப்புக்கு அப்பால் அரிச்சந்திரா நதி.
கல்லணையில் பிரிந்து, பிரிந்ததும் பிரிந்து
இவ்வளவு தூரம் வந்து
ஒரு கை நெல்லுக்கு,
ஒரு கை உப்புக்கு.
இதில் அசல் எது என்று
நான் அவரைக் கேட்கவில்லை.

மாட்டின் கண்ணோரம் ஓர் ஈ உட்கார்ந்தது.
நீர் கட்டியது.
தாடை நிற்கவில்லை.