தலையில் புள்ளி

ஐரிஷ் மொழியில் ‘அ’ என்றொரு சொல்.
எழுத்தும் அதுவே, சொல்லும் அதுவே.
வாயை முழுக்கத் திறக்க வேண்டாம்,
கதவிடுக்கில் காற்று நுழையுமே, அந்த அளவு போதும்.

அவனுடைய என்றாலும் அ.
அவளுடைய என்றாலும் அ.
அவர்களுடைய என்றாலும் அதே அ.
யாருடையது என்று அது வாய் திறந்து சொல்லாது,
அடுத்த சொல்லின் முகம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாத் என்றால் படகு
(‘பாக்கி’ என்னும்போது வருகிற ப).
அ பாத், அவள் படகு.
அ வாத், அவன் படகு.
அ மாத், அவர்கள் படகு.

நமக்குச் சுட்டின் பின்னே வல்லினம் மிகும்.
அ வந்து தொட்டதும் படகு, அப்படகு என்று தடிக்கும்.
அங்கே அவனுக்கென்றால் இளகுகிறது,
அவளுக்கென்றால் அசையாமல் நிற்கிறது,
பலருக்கென்றால் மூக்கால் பேசுகிறது.

முன்னொரு காலத்தில் இந்த அ நெடிய சொல்,
மூன்று பொருளுக்கு மூன்று வால்.
ஒன்று உயிரில் முடிந்தது, ஒன்று ஸகரத்தில், ஒன்று மூக்கொலியில்.
நூற்றாண்டுகள் தேய்த்ததில் மூன்றும் உதிர்ந்தன.
உதிர்ந்ததற்கு முன்பே
பக்கத்து வீட்டுக் கதவில் கைரேகை வைத்துவிட்டன.

*

கார்னாவில் மழை. சமையலறை மேசையில் ஒரு புகைப்படம்.
திரஸா உருப்பெருக்கியைத் துடைக்கிறாள்.
தம்பி ஃபேஹீன் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறான்.
ஊர்க் காட்சிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள்:
படகு யாருடையது, அட்டையில் எழுத வேண்டும்.

படத்தில் அம்மாவும் அப்பாவும்.
நடுவே தார் பூசிய படகு.
பின்புறம் பழைய எழுத்தில் இரண்டே சொல், ஒரு வருடம்:
அ பாத், 1953.
அல்லது அ வாத், 1953.

அந்நாளில் மெய்யின் தலையில் புள்ளி வைத்தால்
எழுத்து இளகியது என்று பொருள்.
நமக்குப் புள்ளி வைத்தால் அகரம் போகும்,
அவர்களுக்கு வன்மை போகும்.

“புள்ளி இருக்கிறது, பார். அப்பா படகு” என்கிறான் ஃபேஹீன்.
“ஈ எச்சம்” என்கிறாள் திரஸா.
“ஈக்கு இலக்கணம் தெரியுமா, சரியான இடத்தில் உட்கார?”
“உனக்கு மட்டும் தெரியுமாக்கும்.”

கெட்டில் கூவி அடங்கியது. யாரும் எழவில்லை.

பிறகு அவள் மெதுவாக,
“இது அப்பா கையெழுத்து.”
“அதைத்தான் நானும் சொல்கிறேன்.”
“தன் படகை ‘அவன் படகு’ என்று எவனாவது எழுதுவானா?
‘என்’ என்றல்லவா எழுதியிருப்பார்.”

ஃபேஹீன் படத்தைத் தன் பக்கம் இழுத்தான்.
புள்ளி இல்லையென்றால் அம்மாவுடையது,
அப்பாவே தன் கையால் எழுதிக் கொடுத்தது.
புள்ளி இருந்தால்
சட்டகத்துக்கு வெளியே நிற்கும் யாரோ ஒருவனுடையது,
ஒரு பிற்பகலுக்கு இரவல் வாங்கியது,
நல்ல உடுப்போடு நின்று படம் எடுக்க.

வீட்டில் படகுக் கொட்டகை இருந்ததாக
இருவருக்குமே நினைவில்லை.
அதை இருவருமே சொல்லவில்லை.

அம்மாவின் கை படகின் விளிம்பில் இருக்கிறது.
விரல்கள் மடங்கிப் பிடித்திருக்கின்றன, சும்மா வைத்ததில்லை.
அவள் பெயர் பாபீன்.
அப்பா தொழுவத்திலிருந்து கூப்பிட்டால் ‘அ வாபீன்’.
விளிக்கும் அதே அ, பெயரும் இளகிவிடும்.
அவர் கூப்பிடும் வரை
அவளும் வன்மையாகத்தான் இருந்தாள்.

தொலைபேசி அடித்தது. காட்சிக்கூடத்துப் பெண்.
அவர்கள் படகு என்று சொல்லியிருக்கலாம்.
அப்போது முன்னால் ஒரு ம வந்து நிற்கும்,
ப எழுத்தில் மட்டும் இருக்கும், ஒலிக்காது.
திரஸா அதை நினைத்தாள், வாயருகே கொண்டுவந்தாள்,
தம்பியைப் பார்த்தாள்.

“அ வேண்டாம். எடுத்துவிடு” என்றாள்.
“அடுத்த சொல் மட்டும் போதும்.”

அந்த மொழியில் ‘ஒரு’ போடும் வழக்கம் கிடையாது.
அதனால் அட்டையில்
பாத், 1953.
ப தன் முழு வன்மையோடு,
தலையில் எதுவும் இல்லாமல்.

ஃபேஹீன் இன்னும்
நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.