ஆறும் முன்

ஐலா கெம்ப்பியின் வலது தொடையில் ஒரு குழி.
என் கட்டைவிரல் பாதி முங்கும்.
செவ்வாய்தோறும் அதை நாடாவால் அளப்பது என் வேலை.
பிறகு நாற்காலியில் உட்காரவைத்து
கணுக்காலில் பட்டை கட்டி
"உதையுங்கள்" என்பேன்.
திரையில் ஒரு கோடு ஏறும்.
சலித்துப்போய் இறங்கும்.
குறித்துக்கொள்வேன்.

தாம்பெரேயில் ஹாக்கி அரங்கத்துப் பனித்தளத்தைச்
செப்பனிடும் வண்டி அவளுடையது. பதினேழு வருடம்.
நவம்பரில் ஓர் இரவு
வண்டிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே
அவளே நின்றிருந்தாள்.
பிரேக் பற்றி வழக்கு நடக்கிறது,
அதைப் பேசக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.
பேசுவாள்.

மருத்துவர் சோர்சா குழிக்குள் ஒரு கூழ் வைத்தார்.
கூழுக்குள் வளர்ச்சிக் காரணி,
உப்புக்கல்லில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது.
அல்லது
வெறும் கூழ்.
எது என்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
அவள் எண் முப்பத்தொன்று, அவ்வளவே தெரியும்.

நான் விளக்கினேன்:
தசைநாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு
தூங்கும் செல்கள் உண்டு.
அடிபட்டால் விழிக்கும், பெருகும்,
ஒன்றில் ஒன்று கரைந்து புது நாராகும்.
ஆனால் இவ்வளவு பெரிய குழியில்
அவை வந்துசேரும் முன்பே
தழும்பு குடியேறிவிடும்.
தழும்புக்குச் சுருங்கத் தெரியாது.
இழுக்கத் தெரியாது.
இடத்தை அடைக்க மட்டும் தெரியும்.
காரணி சொல்வது ஒரே சொல்: எழுந்திரு.
ஊசியில் போட்டால் பொழுது சாய்வதற்குள்
ரத்தம் அடித்துக்கொண்டு போய்விடும்.
கூழ் அந்தச் சொல்லைப் பிடித்துவைத்துக்கொண்டு
நாள்கணக்கில் முணுமுணுக்கும்.

"பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்கிறீர்கள்," என்றாள்.
எனக்குப் புரியவில்லை.
"பனித்தளத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால்
அப்படியே உறைந்துவிடும்,
பழையதன் மேல் ஓடு மாதிரி.
ஸ்கேட் பட்டதும் பெயரும்.
கைவைக்க முடியாத சூட்டில் ஊற்றுவோம்.
பழைய பனி கொஞ்சம் உருகணும்.
சீக்கிரம் ஆறினால்
ஒட்டாது."

காபி இரண்டு கோப்பை எங்கள் நடுவே
ஆறிக்கொண்டிருந்தது.

ஆறாம் வாரம் கோடு அசையவில்லை.
ஒன்பதாம் வாரம் என்னைத் திட்டினாள்,
நான் இதுவரை கேட்டிராத கரேலியச் சொல் ஒன்றால்.
படிக்கட்டு ஏறச் சொல்லியிருந்தோம்,
மணல்மூட்டை கட்டி, தினமும்.
புது நார் முளைத்தாலும்
எந்தப் பக்கம் இழுப்பதென்று அதற்குத் தெரியாதே,
சுமை வைத்தால்தான் தசைக்குத் திசை.
பதினான்காம் வாரம் கோடு
ஒரு நகக்கண் அளவு கூடுதலாக ஏறியது.
இருபதாம் வாரம் மறுபடி.

அன்று என் கட்டைவிரலைக்
கொஞ்சம் மெதுவாக அழுத்தினேனோ?
நாடாவை ஓர் இழை தளர்த்தினேனோ?
அளப்பவன் ஆசைப்படக்கூடாது.
அதற்காகத்தானே
என்னிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

மே மாதம் கடிதம் வந்தது.
காரணி வாங்கியவர்களின் கோடுகள்
மொத்தத்தில் சற்றே மேலே,
நிச்சயமாகச் சொல்ல இன்னும் நிறையத் தொடைகள் வேண்டும்.
முப்பத்தொன்று:
வெறும் கூழ்.

இரண்டு முறை படித்தாள்.
பன்னிரண்டாம் எண் யார் என்று கேட்டாள்,
மரம் வெட்டுகிற அந்தச் சிவந்த தாடிக்காரரா,
அவருக்குக் கிடைத்ததா.
சொல்லக்கூடாது என்றேன்.
"கிடைத்திருந்தால் நல்லது," என்றாள்.
பிறகு வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
முஷ்டியால் தொடையை ஒரு தடவை குத்தினாள்,
பெட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று
தட்டிப் பார்ப்பதுபோல.

ஆய்வு முடிந்தது. செவ்வாய்க்கிழமைகள் காலி.
ஒரு விடிகாலை அரங்கத்துக்கு வரச் சொன்னாள்.
வலது காலால் மிதித்து,
இடது கையால் அந்தத் தொடையைக் கீழே அழுத்தி உதவிக்கொண்டு,
வண்டியை ஓட்டினாள்.
அவளுக்குப் பின்னால் தரை முழுக்க
வெந்நீரின் ஆவி எழுந்தது.
கீறல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.
கிட்டே பார்க்கலாம் என்று
ஒரு காலை எடுத்துவைத்தேன்.

"பொறு," என்று கத்தினாள் அந்தக் கோடியிலிருந்து,
"இன்னும் ஆறவில்லை."